630 பவுன் மாலையும் நொய்யல் கரைக் கல்லும்: ஊதாரிகளை வரைந்த விதம்

சென்னிமலை வாசகி · 2 ஜூன், காலை 10.15

எங்க ஊர் நூலகச் சுவத்துல "ஊதாரிகள்"னு ஒரு படக்காட்சி வைக்கலாம்னு பேச்சு. தேடுனா வர்றதெல்லாம் ரோமாபுரி விருந்து, லண்டன் சூதாட்டம், டச்சுக்காரங்க வீட்டுக் கூத்து. நம்ம பக்கத்துது ஒண்ணுகூட இல்லீங்க. கொங்குன்னாலே கணக்குப் பார்த்துச் செலவு பண்றவங்க பூமி, ஊதாரித்தனத்த வரையறதுக்கும் பாடறதுக்கும் இங்க என்ன வேலைன்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. அது சரிதானுங்களா? எட்டு, பத்துப் படம் போதும். எதை வைக்கறது, எப்படி விளக்கறது?

நொய்யல்கரை · 2 ஜூன், இரவு 9.30

சரியில்லைங்க. கணக்குப் பார்க்கிற பூமி என்பதால்தான் இந்த விஷயத்தில் நமக்கு வேலை அதிகம். ஊதாரியை வரைந்த நல்ல ஓவியம், பாட்டு எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கும். எவ்வளவு போனது, யார் கையில் போய்ச் சேர்ந்தது, பாக்கி யார் தலையில் விழுந்தது என்று எங்காவது ஒரு மூலையில் காட்டியிருப்பார்கள். அந்த மூலையைச் சுட்டிக் காட்டினால் போதும், விளக்கம் தானாக வரும். "ஆடம்பரம் கெடுக்கும்" என்று சுவரில் எழுதி வைக்க வேண்டியதில்லை.

கொங்குப் பக்கத்துக்கு மூன்று நுனிகள் கைவசம் உண்டு. விஜயமங்கலம் பக்கத்து நிரம்பையோடு சேர்த்துச் சொல்லப்படும் அடியார்க்குநல்லார் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதியவர், அவரை ஆதரித்தவர் பொப்பண்ண காங்கேயர். இரண்டாவது, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற கொடுமணல். மூன்றாவது, பொதினி என்கிற பழநி மலைக்கு உரிய பேகன். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

நொய்யல்கரை · 3 ஜூன், காலை 6.50

முதலில் கோவலன். எல்லாரும் அவனை மாதவியிடம் மயங்கினவன் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இளங்கோ விலையையும் சொல்கிறார். மாதவிக்கு ஐந்து வயதில் தொடங்கிய பயிற்சி, பன்னிரண்டாவது வயதில் அரங்கேற்றம். அவள் ஆடிய மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது பெருவிரல் அளவில் இருபத்து நான்கு. அரசன் கொடுத்த பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். அந்த மதிப்புள்ள மாலையைக் கூனி கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், இதை வாங்குகிறவன் கொடி போன்ற எங்கள் மாதவிக்குத் தகுந்தவன் என்று விலை கூறுகிறாள். கோவலன் வாங்குகிறான்.

கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம் என்று வைத்தால் 5 கிலோ தங்கம். நம்மூர்க் கணக்கில் 630 பவுன். சுவரில் இந்த ஒரு எண்ணைப் போடுங்கள். கல்யாணச் சீரைப் பவுனில் பேசிப் பழகிய ஊரில் இதற்கு மேல் உரை தேவைப்படாது.

இன்னொன்று. அந்த 1008 கழஞ்சு அவன் செலவின் தொடக்கம் மட்டும்தான். கடைசியில் தானே கண்ணகியிடம் வந்து, குலம் தந்த மலையளவு பொருள் தொலைந்துபோன வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். கணக்கு கடைத்தெருவில் வாங்கிய ஒரு நகையில் தொடங்கி, கடைத்தெருவில் விற்கப் போன ஒரு நகையில் முடிகிறது. நடுவில் எவ்வளவு போனது என்று இளங்கோ பட்டியல் போடுவதில்லை, இரண்டு நகை போதும் என்று விட்டுவிட்டார்.

மஞ்சள் மண்டி · 3 ஜூன், மதியம் 1.05

அருமைங்ணா. ரோமாபுரி விருந்துக்கு நம்ம பக்கத்துக் கல்லுதான் போச்சுன்னு படிச்சிருக்கேன். லோலியான்னு ஒரு அம்மா போட்டிருந்த பச்சைக்கல்லு பூராவும் படியூர்க் கல்லுன்னு ஒரு காணொளியில சொன்னாங்க. அதையும் சுவத்துல போட்டுரலாமில்ல?

நொய்யல்கரை · 3 ஜூன், இரவு 8.40

அப்படிப் போடாதீங்க தம்பி. லோலியா பவுலினா என்ற ரோமாபுரிச் சீமாட்டியைப் பற்றிச் சொல்கிறவர் பிளினி என்கிற ரோமாபுரி எழுத்தாளர், நேரில் பார்த்தவர். அவள் அணிந்திருந்தவை மரகதமும் முத்தும். ரோமாபுரிக்கு மரகதம் வந்த இடங்களில் பெயர் பெற்றது எகிப்து. இந்தியாவோடு சேர்த்து பிளினி பேசுவது பெரில், அதாவது நம் பக்கத்து வெளிர்நீல, கடல்பச்சைக் கல். இரண்டும் ஒரே கனிமக் குடும்பம்தான், ஆனால் அவள் கழுத்தில் இருந்தது நம் கல் என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

ஆனாலும் லோலியாவைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டாம். அவளைப் பற்றி பிளினி எழுதியிருப்பது வெறும் வசவு கிடையாது. அது பெரிய அரசு விழாவும் இல்லை, சாதாரண நிச்சயதார்த்த விருந்து. தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் எல்லா இடத்திலும் மரகதமும் முத்தும் மாற்றி மாற்றிக் கோத்திருந்தாள். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். கேட்டால் உடனே எடுத்துக் காட்டக் கணக்குப் பத்திரமும் தயாராக வைத்திருந்தாள். விருந்துக்கு நகையும் போட்டு ரசீதும் வைத்திருந்த அந்த இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

4 கோடியைப் புரியவைக்க ஒரு கணக்கு. நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு தினாரியஸ் வெள்ளிக்காசு. ஆக ஒரு கோடி தினாரியஸ். அந்தக் காலத்து ரோமாபுரிப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ். வகுத்துப் பாருங்கள், 44,000 வீரர்களுக்கு மேல் ஓராண்டு சம்பளம் அவள் உடம்பில் இருந்தது. பணம் வந்த வழியையும் பிளினி விடவில்லை: அவளுடைய பாட்டன் கிழக்கு நாடுகளில் வாங்கிய லஞ்சம், கடைசியில் நஞ்சு குடித்துச் செத்தார்.

நொய்யல்கரை · 4 ஜூன், காலை 7.10

கொடுமணல். ஈரோடு மாவட்டம், நொய்யலின் வடகரை. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தோண்டத் தொடங்கியது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்று கொள்கிறார்கள். பாடலில் அது நல்ல அணிகலன் கிடைக்கிற ஊர், குழியில் அது பட்டறை. முடித்த மணி, பாதி முடித்த மணி, துளையிட்டது, இடாதது, சில்லு, கழிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன.

வேலை முறை இப்படி. கல்லை முதலில் சில்லாக உடைத்து உருவுக்குக் கொண்டுவருவது, பிறகு தேய்ப்பது, மெருகேற்றுவது, துளையிடுவது. பெரிலின் கடினம் 7.5 முதல் 8. மணலில் உள்ள படிகம் 7தான். மணலைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் பெரில் அசையாது. அதைவிடக் கடினமான 9 உள்ள குருந்தக்கல் தூள் வேண்டும், அது சிவன்மலைப் பக்கமே கிடைக்கிறது. துளையை ஒரு பக்கத்திலிருந்தே போட்டுக்கொண்டு போனால் மறுமுனையில் கல் பொத்துச் சில்லு தெறித்துவிடும். அதனால் இரண்டு பக்கமிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வைப்பார்கள். கோடு கொஞ்சம் விலகினால் நடுவில் படி விழும், நூல் அதில் உரசி அறும். நீளமான கல்லுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இந்தியர்கள் பெரிலை நீளமாக வைத்துக்கொள்ளவே ஆசைப்படுகிறார்கள், தங்கம் சேர்க்காமல் அணிகிற கல் இது ஒன்றுதான், யானை மயிரில் கோக்கிறார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலிக் கல் செய்யவும் இந்தியர்களுக்குத் தெரியும் என்று அதே பகுதியில் வருகிறது. இந்த இரண்டு வரியையும் கொடுமணல் மணிகளின் படத்துக்குக் கீழே போடலாம். ஊதாரித்தனத்தின் ஓவியம் என்றால் விருந்து மேசையை மட்டும் வரைவார்கள். அந்த மேசைக்குப் போன கல்லைக் குனிந்து தேய்த்தவன் எந்த ஓவியத்திலும் இல்லை. அவன் விட்டுப்போன கழிவுச் சில்லு நம்மிடம் இருக்கிறது.

மஞ்சள் மண்டி · 4 ஜூன், காலை 11.20

பதிலுக்கு வந்த காசும் இங்கதானுங்களே இருக்குது. வெள்ளலூர்!

நொய்யல்கரை · 4 ஜூன், மாலை 5.00

ஆமாம். வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர். அங்கே கிடைத்தவை பெரும்பாலும் ரோமாபுரிப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள். இந்தியாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்பது பிளினியின் புலம்பல். தினாரியஸில் 1 கோடியே 25 லட்சம், ஒரு காசு 3.9 கிராம் என்று வைத்தால் 48 டன்னுக்கு மேல் வெள்ளி. இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பிளினி அதைச் சொன்னது நாட்டுச் செல்வம் வெளியே போகிறதே என்ற ஆதங்கத்தில்தான், சுங்கக் கணக்கராக உட்கார்ந்து எழுதியதல்ல. அளவு பெரிது என்பதற்கு மட்டும் வேறு சான்று உண்டு. வியன்னாவில் உள்ள, முசிறி வணிகம் பற்றிய பழைய ஒப்பந்தம் எழுதிய பாப்பிரஸ் நாணல் தாளில் ஒரே கப்பலின் சரக்கு 70 லட்சம் செஸ்டர்ஸை நெருங்குகிறது. அதில் கால்பங்கு சுங்கமாகப் போகும். ஆடம்பரத்தைத் திட்டிக்கொண்டே அதில் கால்பங்கு வாங்கிய கருவூலத்தை யாரும் ஓவியமாக்கவில்லை.

நொய்யல்கரை · 6 ஜூன், இரவு 10.05

இனி லண்டன். வில்லியம் ஹோகார்த் வரைந்த "ஊதாரியின் பயணம்", எட்டு ஓவியம், 1732 முதல் 1734 வரை. இப்போது லண்டன் ஜான் சோன் அருங்காட்சியகத்தில். எட்டையும் வைத்தால் சுவர் நிரம்பிவிடும், நான்கு போதும். 1, 3, 4, 7.

முதல் படத்தில் கஞ்சத் தகப்பன் செத்து, மகன் டாம் ராக்வெல்லுக்குத் தையல்காரர் அளவெடுக்கிறார். துக்கத் துணி தொங்கவிட ஆணி அடிக்கும்போது கூரையோரத்திலிருந்து ஒளித்து வைத்த காசு கொட்டுகிறது. எலும்பும் தோலுமாக ஒரு பூனை. டாமின் முதுகுக்குப் பின்னால் வக்கீல் மேசைக் காசில் கை வைக்கிறார். கர்ப்பமாக நிற்கும் சாரா யங்குக்கு டாம் காசு நீட்டி அனுப்பப் பார்க்கிறான். செலவு தொடங்குவதற்கு முன்பே எத்தனை கை நீண்டிருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள் பிள்ளைகளை. செருப்புக்கு அடித்தோல் வைக்க வேதப்புத்தகத்தின் அட்டையை வெட்டியிருப்பது செப்புத்தகட்டு அச்சில்தான் தெளிவாகத் தெரியும், அதைப் பெரிதாக்கிப் போடுங்கள்.

மூன்றாவது சாராயக்கடை. அங்கே சுவரில் ரோமாபுரிப் பேரரசர்களின் படம் வரிசையாக இருக்கிறது. எல்லா முகத்தையும் சிதைத்திருக்கிறார்கள், நீரோவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். லோலியாவுக்குப் பக்கத்தில் இதை மாட்டினால் தொடர்பு தெரியும். இந்தப் படத்தில் ஒரு பெண் ஆடை களைந்துகொண்டிருக்கிறாள். நூலகச் சுவருக்கு ஒத்துவராது என்றால் நீரோ இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போடலாம்.

நான்காவதில் அரண்மனைக்குப் பல்லக்கில் போகிறவனைக் கடனுக்காகப் பிடிக்க வருகிறார்கள், சாரா தன் காசைக் கொடுத்து மீட்கிறாள். ஏழாவது கடன்காரர் சிறை. உள்ளே போனாலும் செலவு நிற்பதில்லை. சிறைக்காவலன் வழக்கமான மாமூலுக்குக் கை நீட்டுகிறான், பையன் பீருக்குக் காசு கேட்டு நிற்கிறான். எழுதின நாடகம் உதவாது என்று திருப்பி அனுப்பிய கடிதம் மேசையில் கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு கைதியின் கையிலிருந்து நாட்டின் கடனை அடைக்கும் திட்டம் கீழே விழுகிறது.

இந்த வரிசையின் வரவு செலவும் சொல்லத் தக்கது. திருட்டு அச்சுக்காரர்கள் படத்தைப் பார்த்துக் கள்ள அச்சுப் போட்டு விற்பதைத் தடுக்க ஹோகார்த்தும் மற்றவர்களும் நாடாளுமன்றத்தில் முறையிட்டார்கள். 1735 ஜூன் 25 முதல் அச்சோவியருக்கு 14 ஆண்டு உரிமை கொடுக்கும் சட்டம் நடப்புக்கு வந்தது. அதுவரை தன் அச்சுகளை வெளியே விடாமல் வைத்திருந்தார். ஊதாரியை வரைந்தவர் தன் காசில் அவ்வளவு கண்ணாக இருந்தார். அதைப் பாராட்டியே சொல்கிறேன்.

நொய்யல்கரை · 7 ஜூன், காலை 6.30

டச்சு வீட்டுக் கூத்து என்று நீங்கள் சொன்னது யான் ஸ்டேன் வரைந்ததாக இருக்கும், 1663, வியன்னாவில். வீட்டுக்காரி மேசையில் சாய்ந்து தூங்குகிறாள். அந்த நேரத்தில் நடப்பதை ஒன்றொன்றாகத் தேடச் சொல்லுங்கள்: பீப்பாய்க் குழாய் திறந்தபடி மது ஒழுகுகிறது, நாய் மேசைமேல் ஏறித் தின்கிறது, குரங்கு கடிகாரத்தோடு விளையாடுகிறது, சிறுவன் புகை பிடிக்கிறான், பன்றி வீட்டுக்குள் வந்துவிட்டது. பிறகு எல்லோர் தலைக்கும் மேலே பாருங்கள். கூரையிலிருந்து ஒரு கூடை தொங்குகிறது. அதில் ஊன்றுகோல், பிரம்பு, பிச்சைக்காரர் தட்டி ஒலி எழுப்பும் கட்டை. வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்கிற நமக்கு மட்டும் அது தெரிகிறது. இதை உயரத்தில் மாட்டாதீர்கள், கூடை கண்ணுக்குத் தப்பிவிடும்.

சென்னிமலை வாசகி · 7 ஜூன், மதியம் 12.40

பேகனை இன்னும் சொல்லலையேங்க. மயிலுக்குப் போர்வை குடுத்தவரு வள்ளல், அவரை எப்படி ஊதாரி வரிசையில வைக்கறது? எங்க பக்கத்துல சண்டைக்கு வருவாங்க.

நொய்யல்கரை · 7 ஜூன், இரவு 9.15

வள்ளலாகவே வையுங்கள், சண்டை வராது. ஆனால் புறநானூற்றில் 142இலிருந்து 147 வரை ஒரே மூச்சில் படியுங்கள். 142இல் பரணர், கொடுப்பதில் கணக்குப் பார்க்காத பேதைமை உண்டு, போரில் அந்தப் பேதைமை இல்லை என்று புகழ்கிறார். அடுத்த பாடலிலிருந்து பேச்சு மாறுகிறது. மனைவி கண்ணகியை விட்டுவிட்டு அவன் வேறொருத்தியிடம் இருக்கிறான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காக வந்து பாடுகிறார்கள். 145இல் பரணர் கேட்பது எனக்கு மிகவும் பிடித்தது: மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்த பேகனே, நாங்கள் பசித்து வரவில்லை, சுமக்கக் குடும்பமும் இல்லை, நீ இன்று தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசு.

மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டில் இருப்பவளின் துயரம் தெரியவில்லை என்பதைப் பரிசில் கேட்கிற பாட்டிலேயே வைத்து, முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். திட்டுவதில்லை, கெட்டொழிவாய் என்று சபிப்பதில்லை. ஹோகார்த்திடம் இப்படி ஒரு குரல் கிடையாது. பெயரும் அதே கண்ணகி. ஒரு பக்கம் பேகனையும் மறுபக்கம் கோவலனையும் எதிரெதிரே வைத்துவிடுங்கள்.

நொய்யல்கரை · 8 ஜூன், காலை 7.00

நேற்று எழுதியதை மீண்டும் யோசித்தால், கொடையையும் ஊதாரித்தனத்தையும் பிரிக்கிற கோடு பாடுகிறவர் நிற்கிற இடத்தைப் பொறுத்து நகர்கிறது. பதிற்றுப்பத்தின் பதிகப்படி அரிசில் கிழாருக்குச் சேர அரசனிடமிருந்து ஒன்பது லட்சம் காணம் என்கிற பொற்காசும் அரியணையும் கிடைக்கின்றன. வாங்கியவர் அரியணையைத் திருப்பிக் கொடுத்து அமைச்சராக இருக்கச் சம்மதித்தார். அதனால் கதை பெருமையாக முடிகிறது. வாங்கியவர் வைத்துக்கொண்டிருந்தால் அதே கொடைக்கு வேறு பெயர் வந்திருக்கும்.

விறலிவிடு தூது என்கிற சிற்றிலக்கிய வகையில் இது இன்னும் வெளிப்படை. கூளப்ப நாயக்கன் மேல் சுப்பிரதீபக் கவிராயர் பாடியது பெயர்பெற்றது. கட்டமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று. மனைவியோடு ஊடிக் கிளம்புகிறான், தாசி வீடு போகிறான், தாய்க்கிழவி இருக்கும் பொருளையெல்லாம் உருவிக்கொண்டு துரத்துகிறாள், வெறுங்கையனாக ஒரு வள்ளலிடம் போய்ப் பரிசில் வாங்குகிறான், விறலியை மனைவியிடம் தூது விடுகிறான். ராக்வெல்லின் அதே பாதைதான். ஆனால் அவன் பைத்தியக்கார விடுதியில் முடிகிறான், இவன் வீட்டுக்குத் திரும்புகிறான். வள்ளலைப் புகழ வேண்டுமானால் ஒருவன் முழுக்கத் தொலைந்திருக்க வேண்டும். காசு தந்தவர் யார் என்று பார்த்தால் முடிவு ஏன் மாறுகிறது என்று விளங்கும்: லண்டன்காரருக்கு ஒன்றரை கினி கொடுத்து அச்சு வாங்கிய பொதுமக்கள், நம் கவிராயருக்குப் பாளையக்காரர்.

மஞ்சள் மண்டி · 8 ஜூன், மாலை 6.20

கிளியோபாட்ரா முத்தைக் காடியில கரைச்சுக் குடிச்சது நெசமாங்ணா? அந்தப் படமும் நல்லாத்தான் இருக்குது.

நொய்யல்கரை · 8 ஜூன், இரவு 9.50

தியேபொலோ வரைந்தது மெல்போர்னில் இருக்கிறது, 1743–44. கதை பிளினி சொன்னது: ஒரே விருந்தில் ஒரு கோடி செஸ்டர்ஸ் செலவழிக்கிறேன் என்று பந்தயம். முத்து கால்சியம் கார்பனேட், காடியில் கரையும். ஒரு கிராம் முத்துக்கு 1.2 கிராம் அசெட்டிக் அமிலம் வேண்டும், 5 சதவீதக் காடி என்றால் 24 மில்லி. அளவுக்குத் தட்டுப்பாடில்லை, நேரம்தான் இடைஞ்சல். முழு முத்து விருந்து முடிவதற்குள் கரையாது, ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். பொடித்துப் போட்டால் சீக்கிரம் கரையும். பந்தயம் உண்மையானால் முன்பே ஊறவைத்ததோ, நுணுக்கியதோ, அப்படியே விழுங்கியதோ ஆக வேண்டும். சுவரில் வைக்கலாம், பக்கத்தில் இந்தக் கணக்கோடு. பள்ளிக்கூடத்தில் முட்டை ஓட்டை வைத்துச் செய்துகாட்டவும் முடியும்.

ரோமாபுரிப் பேரரசன் எலகபாலஸ் விருந்தாளிகளை ரோஜா இதழில் மூழ்கடித்த ஓவியமும் தேடலில் வரும், ஆல்மா டடேமா, 1888. மூலக் கதையில் வயலட் முதலான பூக்கள்தான், அந்தக் கதை வருகிற பழைய வரலாற்று நூலும் புளுகுக்குப் பேர்போனது. ஓவியர் குளிர்காலத்தில் பிரான்சின் தென்கரையிலிருந்து ரோஜா தருவித்து வரைந்தார். இடமிருந்தால் வையுங்கள்.

நொய்யல்கரை · 10 ஜூன், காலை 6.40

எது விட்டாலும் டச்சு ஓவியர் ரெம்பிராண்டை விடாதீர்கள். டிரெஸ்டனில் உள்ள ஓவியம், ஏறத்தாழ 1635. சொத்தைக் கரைத்த மகன் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான், கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், மடியில் பெண், மேசையில் மயில் வைத்த பணியாரம். அந்த முகம் ரெம்பிராண்டுடையதே, பெண்ணின் முகம் மனைவி சாஸ்கியாவுடையது. இடப்பக்கச் சுவரில் கடைப் பாக்கி குறிக்கும் பலகை இருக்கிறது.

1638இல் சாஸ்கியாவின் உறவினர்கள், அவள் தகப்பன் சொத்தை நகையிலும் பகட்டிலும் கரைக்கிறாள் என்று பேசியதற்கு ரெம்பிராண்ட் அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார். 1639இல் 13,000 கில்டருக்கு வீடு வாங்கினார், முழுப்பணம் கட்டவில்லை. 1656இல் கடன் தீர்க்க முடியாது என்று அறிவித்துச் சொத்தை ஒப்படைத்தார். அப்போது எடுத்த பொருள் பட்டியலில் 363 இனங்கள். பட்டியல் இன்றும் இருக்கிறது. ஓவியத்துக்குப் பக்கத்தில் இந்த நான்கு ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள்.

சென்னிமலை வாசகி · 11 ஜூன், காலை 9.30

ரொம்ப நன்றிங்க. அச்சுப் போடறதுக்கு ஃபிளெக்ஸ் போதுங்களா?

நொய்யல்கரை · 11 ஜூன், இரவு 8.15

ஃபிளெக்ஸ் வேண்டாம். குழல்விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும், ஹோகார்த்தின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். மினுக்கமில்லாத தடித்த தாளில் ஏ2 அளவு போடுங்கள். அதற்குக் குறைந்தது 2480க்கு 3508 பிக்சல் உள்ள கோப்பு வேண்டும். அருங்காட்சியகத் தளத்தில் இலவசப் பயன்பாடு என்று குறிப்பிட்ட கோப்பாகப் பார்த்து இறக்குங்கள். அச்சோவியத்தை வண்ணத்தில் அடிக்காமல் கறுப்பு மையில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோட்டின் ஓரத்தில் நீலம், சிவப்பு கசியும்.

ஓவியத்தையும் அதன் செப்புத்தகட்டு அச்சையும் கலந்து வைக்கும்போது கவனம். தகட்டில் நேராகப் பார்த்துச் செதுக்கினால் தாளில் இடம் வலம் மாறி விழும். யாராவது சரிசெய்கிறேன் என்று கணினியில் திருப்பிவிட்டால் அதிலுள்ள எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறிவிடும். சட்டத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில் இருக்கட்டும், ஸ்டேன் படம் மட்டும் 130இல்.

வரிசை: கொடுமணல் மணிகள், லோலியா கணக்கு, நீரோ துண்டு, கோவலன் 630 பவுன், பேகன் 145ஆம் பாட்டு, ஸ்டேன், ரெம்பிராண்ட், ஹோகார்த் மூன்று. முத்தும் காடியும் மேசைமேல், பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி. ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் 40 சொல்லுக்குள். முதல் வரியில் தொகை, இரண்டாவது வரியில் அது யார் கைக்குப் போனது.